கங்காரு முறையில் தந்தையின் பங்கு

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேற்கத்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் தந்தைக்குக் கிடைத்த இடம் கண்ணாடிச் சுவருக்கு வெளியேதான். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால் தாய்க்கும் அதே கதி. 1880களில் பாரிஸில் ஸ்டெஃபான் டார்னியே புழக்கத்துக்குக் கொண்டுவந்த இன்குபேட்டர் குழந்தையின் உடல் சூட்டைக் காத்தது. தொற்றுக்குப் பயந்த மருத்துவர்கள் பெற்றவர்களைத் தள்ளியே வைத்தார்கள். நியூயார்க்கின் கோனி தீவுக் கேளிக்கைப் பூங்காவில் மார்ட்டின் கூனி என்பவர் 1943 வரை இன்குபேட்டர் குழந்தைகளைக் காட்சிக்கே வைத்திருந்தார். 25 சென்ட் கொடுத்தவர் யாரும் பார்க்கலாம். அந்தக் காசில்தான் வைத்தியம் நடந்தது, பல உயிர்கள் பிழைத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1972இல் அமெரிக்க மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸும் ஜான் கென்னலும், பிரசவம் ஆனதும் குழந்தையோடு கூடுதல் நேரம் இருக்க விடப்பட்ட தாய்மாரைப் பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். அதற்குப் பிறகே தாய்மாருக்குக் கதவு மெல்லத் திறந்தது. தந்தையின் முறை 1974இல் வந்தது. மார்ட்டின் கிரீன்பெர்க், நார்மன் மோரிஸ் இருவரும் லண்டனில் முதன்முறை தந்தையான 30 பேரிடம் விசாரித்தார்கள். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே அவர்கள் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்க முடியாமல் இருந்தார்கள். தொடவும் தூக்கவும் ஆசைப்பட்டார்கள். ஆசைக்குக் குறைவில்லை, செய்வதற்குத்தான் வேலை எதுவும் இல்லை. பசித்து அழும் குழந்தை தாயிடம் போய்விடும். தந்தையும் ஊட்டட்டும் என்று புட்டிப்பாலைப் பழக்கினால் தாய்க்குப் பால் சுரப்பு குறையும்.

தந்தைக்கான வேலை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த தாய்சேய் மருத்துவமனையில் 1978இல் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு குழந்தைகளையும் அதற்கு மேலும் கிடத்தினார்கள். ஒன்றின் தொற்று மற்றொன்றுக்குத் தாவியது. வாரக்கணக்கில் பிள்ளையின் முகத்தையே பார்க்காத தாய்மார் சிலர் அதை அங்கேயே விட்டுப் போனார்கள். அப்போது எட்கார் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், வளர்ச்சி முடியாமல் பிறக்கும் கங்காருக் குட்டியைத் தாய் பையில் வைத்து வளர்ப்பதைப் பற்றிப் படித்துவிட்டு, நிலை சீரான குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே கட்டிவிட்டார். அடுத்த ஆண்டு ஹெக்டர் மார்ட்டினெஸ் அவருடன் சேர்ந்தார்.

செய்முறை எளிது, ஆனால் கறாரானது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத்துணி தவிர வேறு உடை கிடையாது. தாயின் வெற்று மார்பின் நடுவே நிமிர்த்தி, கைகால் தவளைபோல மடங்கியிருக்க, மூச்சுக்குழல் நெரியாதபடி தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்து, நீள்துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். மேலே சட்டை. தூங்கும்போதும் இறக்குவதில்லை, சுமப்பவர் தலையணைகளில் சாய்ந்தபடியே தூங்க வேண்டும். உணவு தாய்ப்பால். குழந்தை தேறியதும் வீட்டுக்கு அனுப்பி, அடிக்கடி வரவழைத்து எடை பார்த்தார்கள். பிள்ளை வளர்ந்து, கட்டுக்குள் அடங்காமல் நெளியத் தொடங்கும் நாளில் கங்காரு வாசம் முடியும்.

தந்தைக்கான தேவை இந்தக் கணக்கிலேயே இருந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் ஒருத்தியே சுமந்தால் அவள் குளிப்பது எப்போது, மூத்த பிள்ளையைக் கவனிப்பது எப்போது? இன்னொரு மார்பு வேண்டியிருந்தது. பால் தாயிடமிருந்துதான் வரவேண்டும். சூடு யாரிடமிருந்தும் வரலாம். ஆண் கங்காருவுக்குப் பை கிடையாது என்பது இந்த விஷயத்தில் ஒரு தடையாகவில்லை.

ஆணின் உடம்புச் சூடு போதுமா என்ற சந்தேகத்தை கொலம்பியாவின் காலி நகரத்திலேயே சோதித்தார்கள். சூசன் லடிங்டனும் சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து ஒரு நாளும் ஆகாத குறைமாதக் குழந்தைகள் தந்தையின் மார்பில் இரண்டு மணி நேரம் கிடந்தன. குளிர்ந்துபோகும் என்ற பயத்துக்கு நேர்மாறாக, சில குழந்தைகளை ஆறவைக்க முயன்றும் சூடு ஏறியது. பெரும்பாலான நேரம் அவை தூங்கின. தந்தையர் அதிகம் பேசவில்லை. பார்த்துக்கொண்டும் மெல்லத் தொட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

பொகோட்டா முறைக்கு ஆரம்பத்தில் கிடைத்த புகழில் மிகையும் கலந்திருந்தது. நேரில் பார்த்துவந்த ஆண்ட்ரூ வைட்லா, கேத்தரின் ஸ்லீத் இருவரும் 1985இல் லான்செட் இதழில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். பிறந்த சில மணி நேரத்தில் இறந்த குழந்தைகள் அந்தக் கணக்கில் இல்லை. பிழைத்தவர் விகிதம் அதனால் உயர்ந்து தெரிந்தது. நியாயமான குறை. அதற்குப் பதில் சொல்லும் வகையில் நத்தாலி ஷார்பாக்கின் குழு 1993இல் தொடங்கி 746 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தது. கங்காரு முறை பாதுகாப்பானது என்று தெரிந்தது. இவர்களில் ஒரு பகுதியினரை 20 வயதில் தேடிப்பிடித்துப் பார்த்தபோதும் பலன் மிச்சமிருந்தது. தந்தையர் விஷயத்தில் முக்கியமானது 2009இல் ரெஜான் டெசியே வெளியிட்ட பகுதி. 338 குடும்பங்களைப் பார்த்ததில், தந்தை அதிகம் ஈடுபட்ட வீடுகளில் குழந்தைக்கு நல்ல சூழல் அமைந்திருந்தது. நல்ல வீட்டுத் தந்தைதான் ஈடுபடுகிறாரா, ஈடுபடுவதால் வீடு நன்றாகிறதா என்பதை அந்த ஒப்பீடு மட்டும் தீர்த்துவிடாது.

நிறைமாதக் குழந்தைகளுக்கும் இது பரவியது. ஸ்வீடனில் சிசேரியன் முடிந்து தாய் மீளும்வரை குழந்தையைத் தந்தையின் மார்பில் கிடத்தினார்கள். தொட்டிலில் கிடந்தவற்றைவிட அவை குறைவாக அழுதன என்று 2007இல் கெர்ஸ்டின் எர்லாண்ட்சன் எழுதினார்.

ஊட்டுவதிலும் தந்தை முழுக்க வெளியாள் அல்ல. உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துப் புகட்ட, இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பயன்படுவது பாலாடை. தமிழ் வீடுகளில் வெள்ளியிலோ பித்தளையிலோ இருந்த அதே மூக்குவைத்த கிண்ணம்தான். மருத்துவ இதழ்களிலும் அது அந்தப் பெயரிலேயே வழங்குகிறது. மூக்கைக் குழந்தையின் உதட்டோரம் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும், அது விழுங்கியபின் மறுபடி. புட்டியைப் போல இது உறிஞ்சும் பழக்கத்தைக் குழப்புவதில்லை.

இந்திய சுகாதார அமைச்சகம் 2014இல் கங்காரு பராமரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. 2021இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் 3,211 எடைக்குறைவான குழந்தைகள் இடம்பெற்றன. பிறந்தவுடனேயே கங்காரு முறையைத் தொடங்கியதில் 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைப் பரிந்துரைத்தது. குடும்பத்தாரைப் பராமரிப்பில் சேர்க்கவும், பெற்றோருக்கு விடுப்பு தரவும் சொன்னது.

இன்று தந்தையைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, மகப்பேறு வார்டில் ஆண்களுக்கு அனுமதியில்லை என்ற ஏற்பாடு. பல பெண்கள் பாலூட்டும் பொது வார்டில் திரைகூட இல்லாதபோது அதைக் குறை சொல்லவும் முடியாது. மற்றது விடுப்பு. இந்திய மத்திய அரசு ஊழியருக்கு 1997 முதல் 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. கங்காரு முறை பிறந்த கொலம்பியாவில் 2002இல் 'மரியா சட்டம்' தந்தையருக்கு விடுப்பைக் கொண்டுவந்தது. 2021இல்தான் அது இரண்டு வாரமானது. எட்டாம் மாதத் தொடக்கத்தில் பிறந்த குழந்தை கட்டை விட்டு நெளிய அதைவிடக் கூடுதல் வாரங்கள் ஆகும்.