காளானும் மரத்தூளும்

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று என் பாட்டியார் சொல்வதுண்டு. ஆங்கிலப் பள்ளியில் நாலெழுத்துப் படித்துவிட்ட கர்வத்தால் அதனைக் கேட்டு நகைத்தவன் நான். காளானாவது பூவும் விதையும் அற்ற உயிர். கண்ணுக்குப் புலனாகாத நுண்தூளிலிருந்து தோன்றி, மரத்துள்ளும் மண்ணுள்ளும் நூல் நூலாய்ப் படர்ந்து, ஈரமும் இதமும் வாய்த்தபோது குடை விரிப்பது. இதில் இடிக்கு என்ன வேலை என்பது என் வாதம். அவ்வாதத்தில் பாதி பின்னர்ப் பொய்த்தது.

சீன தேசத்தில் வாங் ஜென் என்பார் 1313ஆம் ஆண்டில் ஓர் உழவு நூல் இயற்றினார். அதில் காளான் பயிரிடும் முறையும் கூறப்பட்டுள்ளது. நிழலுள்ள இடத்தில் தக்க மரத்தை வெட்டிச் சாய்த்து, கோடரியால் குழி குழியாய்க் கொத்தி, மண்ணிட்டு மூடவேண்டும். ஆண்டு கழிந்து மரம் இற்றபின், காளானைப் பொடியாய் நறுக்கிக் குழிகளில் பரப்பி, தழை மூடி, அவ்வப்போது அரிசி கழுவிய நீரைத் தெளிக்கவேண்டும். பின்னர் மரத்தைச் சம்மட்டியால் அடிக்கவேண்டும். காளானைத் திடுக்கிடச் செய்வதாம் அது! கழுநீரையும் அந்த அடியையும் வாசகர் மறவாதிருப்பாராக.

ஜப்பானிய உழவரோ ஷீட்டாக்கே என்னும் காளானுக்காகக் கட்டைகளில் வெட்டுத் தடம் இட்டு, காற்றில் வரும் வித்துத்தூளை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். வந்தால் வாழ்வு; வராவிடில் கடன். 1930களில் கியோத்தோப் பல்கலைக்கழக மாணவராயிருந்த மோரி கிசாக்கு ஓயித்தா மலைநாட்டுக்குச் சென்றபோது, ஏழை உழவர் கட்டைகளின் முன்னின்று காளான் முளைக்கும்படி மன்றாடக் கண்டார். அவ்வுழவரை மூடர் என இகழ எனக்கு மனம் வரவில்லை; வேறு வழி காட்டுவார் அவர்க்கு இல்லை. மோரி வழி காட்டினார். சிறு மரத்துண்டுகளில் காளானின் நூலிழையைத் தூயதாய் வளர்த்து, கட்டையில் துளையிட்டு அவற்றை அறைந்துவிடும் முறையை அவர் 1942இல் கண்டார். அதன்பின் காற்றை நம்பவேண்டியதில்லையாயிற்று.

எனினும் கட்டை பலன் தர ஓராண்டுக்கு மேலாகும். இதனினும் விரைந்த வழியொன்று முன்னரே பிறந்திருந்தது. 1928இல் மோரிமோத்தோ ஹிக்கோசாபுரோ என்பவர் மரத்தூளுடன் அரிசித் தவிடு கலந்து புட்டிகளில் அடைத்து, எனோக்கி என்னும் காட்டுக் காளானை வளர்த்தார். நம் நகரச் சந்தைகளில் வெள்ளை நூற்கற்றை போல் விற்கும் காளான் அதுவே. காட்டில் அது பழுப்பு நிறத்தது. இருட்டில் வளர்த்தே முதலில் அதனை வெளுக்கவைத்தனர்.

தவிடு எதற்கு? மரத்தூளில் மரச்சத்து மிகுதி. நைட்ரஜனோ மிகச் சொற்பம். அக்குறையைத் தவிடு நிரப்புகின்றது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சீன உழவன் தெளித்த கழுநீரில் இருந்ததும் தவிட்டின் சத்தேயன்றோ! ஆனால் விருந்து வைத்தால் அழையாதவரும் வருவர். பச்சைப் பூசணம் தவிட்டை முந்திக்கொண்டு தின்றுவிடும். ஆதலின் கலவையைப் பல மணிநேரம் நீராவியில் அவித்து, ஆறியபின் துப்புரவான இடத்தில் வித்திடவேண்டும். இதில் சோம்பினவன் தவிட்டுக் காசையும் இழப்பான்.

மலேசியாவில் இத்தொழில் நம் ரப்பர் மரத்தையே பற்றி நிற்கின்றது. பால் வற்றிய கிழமரங்கள் முன்னாளில் விறகாயின. பலவிடங்களில் வீணே கொளுத்தவும் பட்டன. நாற்காலி மேசை செய்ய அம்மரம் பயன்பட்டபின் ஆலைகளில் தூள் குவிந்தது. அத்தூளில் நூறு பங்குக்குப் பத்துப் பங்கு தவிடும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து, பிளாஸ்டிக் பைகளில் சிப்பிக் காளான் வளர்க்கின்றனர். சிறு கொட்டகையும் தண்ணீரும் உள்ள குடும்பம் இதனைச் செய்யலாம். நம்மவரிற் பலர் அத்தூளை இன்னும் குப்பையென்றே கருதுவது எனக்கு வருத்தமே.

இனி, இடியின் கதை. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தார் கட்டைகளில் கணநேரம் உயர் மின்னழுத்தம் பாய்ச்சியபோது காளான் விளைவு மிகக் கண்டனர். பாட்டியார் இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார். அவர் மழைக்காலத்தில் பறித்து வந்த புற்றுக் காளானை மட்டும் எந்த மரத்தூளிலும் வளர்க்க இயலாது. அது கறையானோடு கூடியே வாழ்வது. கறையான்கள் தம் புற்றுக்குள் அதற்கென்றே தோட்டம் அமைத்துப் பேணுகின்றன.