கைக்கடிகார அளவு: ஆண்களின் மணிக்கட்டுக்கு

கைக்கடிகாரத்தின் அளவு என்று கடைக்காரர் சொல்வதும் விளம்பரத்தில் அச்சாவதும் அதன் கூட்டின், அதாவது கேஸின், விட்டம். சாவி கொடுக்கும் குமிழைச் சேர்க்காமல் மில்லிமீட்டரில் எடுக்கும் அளவு இது. ஆண்களுக்கான வாட்ச்சுகளில் இன்று பெரும்பாலும் 36 முதல் 44 வரை இருக்கும். வாங்குபவர் பலர் இந்த ஓர் எண்ணை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ஒரு கம்பெனியின் 40 கைக்குப் பொருந்தினால் இன்னொரு கம்பெனியின் 40-ம் பொருந்தும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பல நேரம் பொய்த்துப்போகிறது. பட்டையைப் பிடித்துக்கொள்வதற்காகக் கேஸின் மேலும் கீழும் நீண்டிருக்கும் கால்களை வாட்ச் தொழிலில் லக் என்பார்கள். மேல் லக்கின் நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனிவரை உள்ள நீளமே (இதை லக் நீளம் என்போம்) மணிக்கட்டின் குறுக்கே கிடக்கிறது. வாட்ச் கையில் படிந்து உட்காருமா, கையைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்குமா என்பதை முதலில் முடிவு செய்பவை இரண்டு: அந்த நீளம், அதைத் தாங்கும் மணிக்கட்டின் தட்டையான பரப்பு. விட்டம் அவற்றுக்கு அடுத்தபடிதான்.

மணிக்கட்டை அளக்கச் சொன்னால் எல்லோரும் சுற்றளவைத்தான் அளப்பார்கள். சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் எலும்பை ஒட்டி, முழங்கைப் பக்கமாகத் தையல் டேப்பைச் சுற்றினால் வளர்ந்த ஆண்களில் பெரும்பாலோருக்கு 15 முதல் 19 செ.மீ.-க்குள் வரும். ஆறரை அங்குலம் என்றால் 16.5 செ.மீ., ஏழு அங்குலம் என்றால் 17.8 செ.மீ. பட்டையின் நீளத்தை முடிவு செய்ய இந்த அளவு போதும், கேஸுக்குப் போதாது. சுற்றளவு ஒன்றாக இருந்தும் வடிவம் வேறாக இருக்கும் இரண்டு கைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் சுமார் 16.8 செ.மீ. ஒன்று உருண்டை, அதாவது 53.5 மி.மீ. குறுக்களவுள்ள வட்டம். மற்றது தட்டை, அதாவது 62 மி.மீ. அகலமும் 44 மி.மீ. கனமும் உள்ள நீள்வட்டம். 48 மி.மீ. நீளமுள்ள நேரான ஒரு சட்டத்தை இரண்டின் உச்சியிலும் வைத்துக் கணக்குப் போட்டால், உருண்டைக் கையில் சட்டத்தின் நுனிகள் தோலுக்கு மேலே 15 மி.மீ. அந்தரத்தில் நிற்கின்றன. தட்டைக் கையில் அந்த இடைவெளி 8 மி.மீ.தான். உண்மையான கை கச்சிதமான வட்டமோ நீள்வட்டமோ கிடையாது. லக்குகளும் கீழ்நோக்கி வளைந்திருக்கும். எனவே நடைமுறையில் இடைவெளி இதைவிடக் குறையும். ஆனால் ஒரே சுற்றளவுள்ள இரண்டு கைகளுக்குள் இவ்வளவு வேறுபாடு வரும்போது, இத்தனை செ.மீ. சுற்றளவுக்கு இத்தனை மி.மீ. விட்டம் என்று போடப்படும் அட்டவணைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

ஆகவே அளக்க வேண்டியது மணிக்கட்டின் மேற்பரப்பில் தட்டையாக இருக்கும் அகலத்தை. வாட்ச் கட்டும் இடத்தில் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்தால், எந்த இடத்தில் தோல் கீழே சரியத் தொடங்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். வாட்ச்சின் லக் நீளம் இந்த அகலத்தைத் தாண்டக் கூடாது; இரு பக்கமும் இரண்டு மூன்று மி.மீ. மிச்சம் இருந்தால் நல்லது. ஆறரை அங்குலக் கை ஓரளவு தட்டையாக இருந்தால் 46 முதல் 48 மி.மீ. நீளம் வரை நிம்மதியாகத் தாங்கும். ஏழு அங்குலக் கையில் 50 வரை போகலாம். ஆறு அங்குலமும் அதற்குக் கீழும் என்றால் 44-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வது நல்லது. இவை தோராயமான எல்லைகள். உருண்டைக் கைக்காரர் ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும்.

விட்டம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நன்கு அறியப்பட்ட இரண்டு வாட்ச்சுகளே சாட்சி. சீகோவின் எஸ்கேஎக்ஸ்007 என்ற டைவர் வாட்ச்சின் விட்டம் 42.5 மி.மீ. எண்ணைக் கேட்டதும் சின்னக் கைக்காரர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் அதன் லக்குகள் குட்டையானவை. நுனிக்கு நுனி 46 மி.மீ.தான். ஜெர்மனியின் நோமோஸ் கம்பெனி செய்யும் டான்ஜென்ட்டே 38-இன் விட்டம் 37.5 மி.மீ. மெல்லிய, நேரான, நீண்ட லக்குகள் கொண்ட அது நுனிக்கு நுனி ஏறக்குறைய 48 மி.மீ. வருகிறது. விட்டத்தில் ஐந்து மி.மீ. சிறிய வாட்ச் நீளத்தில் இரண்டு மி.மீ. பெரியது. ரோலெக்ஸ் சப்மரைனர் 2020-ல் 40-லிருந்து 41 மி.மீ. ஆனபோதும் இதேபோல ஒன்று நடந்தது. லக்குகளை மெலிதாக்கி, அவற்றுக்கு இடையிலான பட்டை அகலத்தை 20-லிருந்து 21 மி.மீ. ஆக்கினார்கள். எண் கூடியது, கையில் உருவம் முந்தையதைவிட ஒல்லியாகத் தெரிகிறது. ஸ்மார்ட் வாட்ச்சில் குழப்பம் இன்னும் அதிகம். ஆப்பிள் வாட்ச்சில் 45 மி.மீ. என்றால் அது மேலிருந்து கீழான உயரம். அகலம் 38 மி.மீ.தான். அதற்குத் துருத்தும் லக்கும் கிடையாது. ஆகவே அந்த 45-ஐ வட்ட வாட்ச்சின் விட்டத்தோடு ஒப்பிடவே கூடாது, லக் நீளத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஆப்பிள் 45 கட்டிப் பழகியவர் அந்தத் தைரியத்தில் 45 மி.மீ. விட்டமுள்ள வட்ட வாட்ச் வாங்கினால், கையில் வந்து உட்காருவது 52, 53 மி.மீ. நீளமுள்ள ஒரு பொருளாக இருக்கலாம். சதுர வாட்ச்சிலும் எச்சரிக்கை தேவை: 36 மி.மீ. சதுரத்தின் பரப்பு 40 மி.மீ. வட்டத்தைவிடச் சற்று அதிகம்.

ஆணின் வாட்ச் பெரிதாக இருப்பதே கம்பீரம் என்ற எண்ணம் பழையது என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாறு நேர்மாறாக இருக்கிறது. பதேக் பிலிப் 1932-ல் வெளியிட்ட கலட்ராவா, ஆண்களின் சம்பிரதாய வாட்ச்சுக்கு இன்றும் இலக்கணமாகக் காட்டப்படுவது. அதன் விட்டம் சுமார் 31 மி.மீ. 1961-ல் சிட்டிசனின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி வாட்ச் தொழிற்சாலையின் ஜனதா, இந்தியாவில் ஒரு தலைமுறை ஆண்கள் கட்டிய வாட்ச்; அது சுமார் 35 மி.மீ. அலுவலகம், வயல், லாரி என எல்லா இடத்திலும் உழைத்த கைகளில் அது சிறிதாகத் தெரிந்ததாக யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. 1972-ல் ஒடமார் பிகே வெளியிட்ட ராயல் ஓக் 39 மி.மீ.; அந்தக் காலத்தில் அதற்கே ஜம்போ என்று பட்டப்பெயர் வந்தது. பெருக்கம் 1993-க்குப் பிறகுதான். அந்த ஆண்டில் 42 மி.மீ. ராயல் ஓக் ஆஃப்ஷோர் வந்தது. இத்தாலியக் கடற்படைக்கு வாட்ச் செய்துகொடுத்த பனராய் பொதுச் சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். பிறகு அலை திரும்பியது. ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் பல பத்தாண்டுகள் 36 மி.மீ. ஆக இருந்து 2010-ல் 39 ஆனது, 2021-ல் மீண்டும் 36-க்கு இறங்கியது, 2023-ல் கூடவே ஒரு 40-ம் வந்தது. இத்தனை ஆட்டத்திலும் மணிக்கட்டின் எலும்பு மாறவில்லை.

மணிக்கட்டை வைத்தே அளவை முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு எழும் முதல் மறுப்பு ரசனை சார்ந்தது: பெரிய வாட்ச் எனக்குப் பிடிக்கிறது, அதற்கு விதி எதற்கு? இதில் பாதி நியாயம் இருக்கிறது. வாட்ச் எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பது முழுக்க ரசனை. 19 செ.மீ. கையில் 36 மி.மீ. வாட்ச் கட்டினால் எந்தச் சங்கடமும் இல்லை. அது பாந்தமாகப் படிந்து கிடக்கும், பார்வைக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது கட்டுபவர் பாடு. எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை மட்டும் ரசனையிடம் விட முடியாது. லக் நுனி கையைத் தாண்டினால் பட்டை தோலை விட்டு விலகிச் செங்குத்தாக இறங்குகிறது, அந்தச் சந்தில் சட்டைக் கை மாட்டுகிறது, வாட்ச் பக்கவாட்டில் உருள்கிறது. உருளாமல் இருக்க பட்டையை இறுக்கினால் மாலையில் தோலில் தடம் விழுகிறது. மணிக்கட்டை மேலே மடக்கும்போது குமிழ் புறங்கையில் குத்துகிறது. சீகோவின் டைவர் வாட்ச்சுகள் பலவற்றில் குமிழ் மூன்று மணிக்கு நேராக இல்லாமல் நான்கு மணிப் பக்கம் இறங்கியிருப்பதால் அந்தத் தொல்லை குறைகிறது. மேல் எல்லை உடலில் இருக்கிறது, கீழ் எல்லை மனசில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவர் சிறியதன் பக்கம் சாய்ந்தால் இழப்பதற்கு அதிகம் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது: வயது நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது, பெரிய வாட்ச்சில்தான் மணி தெரிகிறது. மணி தெரிவது டயலில்தான். கேஸ் பெரிதானால் டயலும் பெரிதாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மேலே சொன்ன சீகோவின் 42.5 மி.மீ. கேஸுக்குள் இருக்கும் டயல் 28.5 மி.மீ.தான், மிச்ச இடத்தைச் சுழலும் வளையம் எடுத்துக்கொள்கிறது. விளிம்பு மெலிந்த 36 மி.மீ. வாட்ச்சில் டயல் 30-ஐத் தாண்டுவது சாதாரணம். கண் மங்கியவருக்கு உதவுவது வெள்ளை டயலில் கறுப்பு முள், தெளிவான எண்கள், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத கண்ணாடி ஆகியவை. விமானி, முக்குளிப்பவர் ஆகியோரின் கருவி வாட்ச்சுகள் பெரிதாகத்தானே இருந்தன என்று கேட்கலாம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படையினர் கட்டிய வாட்ச் 55 மி.மீ. இருந்தது உண்மை. ஆனால் அது தடித்த கோட்டின் கைக்கு மேல் நீண்ட பட்டையால் கட்டப்பட்டது. வெறும் மணிக்கட்டுக்கு அதை முன்மாதிரியாகக் கொள்வதில் பொருள் இல்லை.

கேஸின் உயரம் (அதாவது தடிமன்), எடை, பட்டை ஆகியவற்றைப் பொருத்தமான நீளம் கிடைத்த பிறகு பார்க்கலாம். ஒடுங்கிய கையில் உயரமான கேஸ் தலைப்பாரத்தோடு ஆடும், 12 மி.மீ.-க்கு மேல் போனால் முழுக்கைச் சட்டையின் பட்டன் போட்ட கைக்குள் நுழைவதும் கஷ்டம். இதற்கு எதிர்முனையில், டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் 2002-ல் வெளியிட்ட எட்ஜ் இருக்கிறது: கேஸின் மொத்த உயரம் 3.5 மி.மீ., உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மி.மீ. எடை உறுத்துபவர்கள் டைட்டானியம் கேஸைத் தேடலாம். அதன் அடர்த்தி ஸ்டீலின் அடர்த்தியில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். செயினில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. கேஸை ஒட்டிய முதல் கண்ணி சில மாடல்களில் லக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மடங்காமல் நிற்கும். அப்போது 48 மி.மீ. நீளம் கையில் 51, 52 ஆகிவிடுகிறது. அதே வாட்ச்சுக்குத் தோல் பட்டை போட்டால் லக் நுனியிலேயே மடிந்து விழுந்து அந்த மூன்று மி.மீ. மிச்சமாகும். வெயிலில் கை வீங்கும், இரவில் வற்றும். தோல் பட்டையின் ஓட்டைகளுக்கு இடையே அரை செ.மீ.-க்கு மேல் இருப்பதால் நடுவாந்தர அளவு கிடைக்காமல் போகும். கருவியில்லாமல் கொஞ்சம் தளர்த்தவும் இறுக்கவும் முடிகிற பூட்டு உள்ள செயின் வெப்பமான ஊர்களில் காசுக்குத் தகுந்த வசதி. வியர்வையும் அதைக் கெடுப்பதில்லை.

ஆன்லைனில் வாங்குபவருக்குப் படங்கள் பெரிய பொறி. செல்போன் கேமராவைக் கைக்கு அருகில் பிடித்து எடுக்கும்போது லென்ஸுக்கு நெருக்கமான வாட்ச் ஊதிப்பெருத்தும் பின்னால் இருக்கும் கை ஒடுங்கியும் விழும். நாலடி தள்ளிக் கண்ணாடி முன் நின்று பார்த்தால்தான் மற்றவர்கள் பார்க்கும் அளவு தெரியும். இதைவிட நம்பகமானது ஒரு துண்டு அட்டை. வாட்ச்சின் லக் நீளத்துக்கும் விட்டத்துக்கும் ஏற்ப அதை வெட்டி மணிக்கட்டின் மேல் வைத்துக் கையை மடக்கி நீட்டிப் பார்த்தால், நுனி எங்கே இடிக்கிறது என்பது பணம் கட்டும் முன்பே புரிந்துவிடும். கேசியோ போன்ற கம்பெனிகள் கேஸின் நீளம், அகலம், உயரம் மூன்றையுமே விவரப் பக்கத்தில் தருகின்றன. எஃப்-91டபிள்யூ என்றால் 38.2, 35.2, 8.5 மி.மீ. விட்டத்தை மட்டும் போடும் விற்பனையாளரிடம் லக் நீளத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாட்ச் வீட்டுக்கு வந்ததும் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு உறையைக் கிழிக்காமல், செயினிலிருந்து ஒரு கண்ணிகூடக் கழற்றாமல் கையில் வைத்துப் பார்ப்பது அவசியம்; கண்ணி கழற்றிய வாட்ச்சைப் பல கடைகள் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.