சான் ஹுவானும் கடலடி ஒலிவாங்கிகளும்

2017 நவம்பர் 15ல் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கி 44 பேருடன் காணாமல் போனது. அன்று அசென்ஷன் தீவருகிலும், தெற்கே குரோசே தீவுகளருகிலும் கடலடி ஒலிவாங்கிகளில் ஒரே சத்தம் பதிவாகியிருந்தது. அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக்கேட்க வைத்தவை அவை! நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். 6000 கி.மீ. தள்ளியிருந்த அசென்ஷனுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல், 8000 கி.மீ. தொலைவிலுள்ள குரோசேவுக்கு இன்னும் தாமதம். இந்த நேர வித்தியாசத்தையும் ஒலி வந்த திசையையும் வைத்து இடத்தைக் கணித்தார்கள். டிசம்பர் 1ல் கடலில் ஒரு குண்டை வெடிக்க வைத்துக் கணக்கைச் சரிபார்த்தார்கள். முந்தைய நாளே உயிரோடு மீட்கும் முயற்சி கைவிடப்பட்டிருந்தது. குடும்பத்தினர் விடவில்லை, தலைநகரின் மாயோ சதுக்கத்தில் கூடாரமடித்து, தேடச் சொல்லிப் போராடினார்கள். 2018 நவம்பரில் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் 907 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தது. ஒலிவாங்கிகள் காட்டிய பகுதியில்தான்.