மேளமும் செவியும்



மேள ஓசை கேட்காத தோட்டம் ஒன்று உண்டா? மாரியம்மன் திருவிழா என்றால் தப்பும் உருமியும் முழங்கும். திருமணம் என்றால் நாதசுரமும் தவிலும் வந்து சேரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியபோது, நம் மக்களில் பலர் பெட்டி படுக்கையோடு பட்டணத்து ஓரங்களில் குடியேறினர். பழைய கிள்ளான் சாலைப் பக்கமுள்ள கம்போங் மேடான் அவ்வாறு நம்மவர் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று. வந்தவர்கள் மேளத்தைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் சென்றால், காவடிக்கு முன்னால் உருமி மேளம் கொட்டிச் செல்லும் நம் இளைஞர்களைக் காணலாம்.

மேளத்தின் பெருமையை நாம் பேசுகிறோம். மேளம் கொட்டுகிறவரின் காதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உழைப்பாளியின் காது உழைப்பினால் கெடுகிறது என்பதை உலகம் எப்படி உணர்ந்தது, இசைக் கலைஞனும் ஓர் உழைப்பாளியே என்பதை எப்போது ஒப்புக்கொண்டது என்ற வரலாற்றை இன்று காண்போம். இது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டிய வரலாறு.

முதலில் காது எவ்வாறு கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். காதின் துவாரத்துக்குள் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. நம் மொழி அதற்குச் செவிப்பறை என்று பெயர் வைத்திருக்கிறது. வெளியே ஒரு பறை அதிர்ந்தால் உள்ளே ஒரு பறை அதிர்கிறது. எவ்வளவு பொருத்தமான பெயர்! அந்த அதிர்வை மூன்று சிறிய எலும்புகள் வாங்கி, நத்தைக் கூடு போல் சுருண்ட உட்காதுக்கு அனுப்புகின்றன. உட்காதில் நீர் நிறைந்திருக்கிறது. நீர் அசையும்போது அங்குள்ள மயிரணுக்களும் அசைகின்றன. அவையே ஓசையை நரம்பு வழியாக மூளைக்குத் தெரிவிக்கின்றன. ஒரு காதில் இவை ஏறக்குறைய 15,000 உண்டு.

பேரோசை இந்த அணுக்களைப் புயலில் சிக்கிய நாற்றுப் போல் சாய்த்துவிடுகிறது. சிறிது சாய்ந்தவை ஓய்வு கிடைத்தால் நிமிர்ந்துவிடும். முற்றிலும் மடிந்தவை மறுபடி முளைப்பதில்லை. கோழி போன்ற பறவைகளின் காதில் இவை மீண்டும் வளர்கின்றன என்பதை அறிவியலாளர்கள் 1980-களின் பிற்பகுதியில் கண்டறிந்தனர். கோழிக்குக் கிடைத்த அந்த வரம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். இத்தாலி நாட்டில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்றொரு மருத்துவர் இருந்தார். தொழிலாளர்களுக்குத் தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1713-இல் அதை விரிவாக்கினார். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்க வேண்டும் என மருத்துவர்களுக்கு வற்புறுத்தியவர் அவரே. வெனிஸ் நகரில் செப்புப் பாத்திரம் அடிப்பவர்கள் ஒரே பகுதியில் கூடி வாழ்ந்தனர். நாள் முழுவதும் சுத்தியல் ஓசை. அந்த ஓசையால் அவர்களின் செவி மந்தமாகி, முதுமையில் முழுச் செவிடாகிறது என்று அவர் எழுதி வைத்தார்.

அதன் பின்னர் நீராவி யுகம் வந்தது. கொதிகலன்களுக்கு உள்ளே புகுந்து ஆணி அறைந்த தொழிலாளர்களின் காதுகள் கெட்டன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர், 1886-இல் 100 கொதிகலன் தொழிலாளர்களைச் சோதித்தார். அவர்களுள் முக்கால்வாசிப் பேர் பொதுக்கூட்டத்தில் பேச்சைக் கேட்க இயலாமலோ, கேட்கச் சிரமப்பட்டோ இருந்தனர். கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும் அவர் சோதித்தார். அவர்களுள் அத்தகையோர் மிகச் சிலரே. ஒரே ஊர், ஒரே காற்று. தொழில் மட்டுமே வேறு. காரணம் எது என்பது அதிலேயே விளங்கிவிட்டது.

செவிடான இசைமேதை என்றால் பெய்த்தோவன் பெயரே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1770-இல் பிறந்த அவருக்கு முப்பது வயதை எட்டுவதற்கு முன்பே செவி குறையத் தொடங்கியது. காதில் இரவும் பகலும் இரைச்சல் கேட்கிறது என்று 1801-இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஊரார் அறிந்தால் தம் பிழைப்பு என்னாகுமோ என்று அஞ்சி, நெடுநாள் அதை மறைத்தார். 1824-இல் வியன்னாவில் அவருடைய ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறியபோது, சபையினரின் கைதட்டல் அவர் காதில் விழவில்லை. பாடகி ஒருவர் அவரைச் சபையை நோக்கித் திருப்பி நிறுத்தினார். கைகள் அசைவதைப் பார்த்தே அவர் பாராட்டை அறிந்தார். அவருக்குச் செவி போனது இசையின் ஓசையால் அன்று. அதன் காரணம் வேறு. ஆயினும் இசைக் கலைஞர் தம் செவிக் குறையை மறைக்கும் வழக்கம் அன்றுபோலவே இன்றும் இருக்கிறது. காது போனது தெரிந்தால் அழைப்பு வராது என்ற அச்சமே அதற்குக் காரணம்.

காதைக் காக்கும் கருவி எப்போது வந்தது? கிரேக்கப் பழங்கதை ஒன்றில், மயக்கும் பாட்டிலிருந்து தப்பிக்கக் கப்பலோட்டிகளின் காதில் மெழுகு அடைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். ஜெர்மனியில் மாக்ஸ் நெக்வெர் என்பவர் அந்தக் கதையிலிருந்தே யோசனை பெற்று, மெழுகும் பஞ்சும் கலந்த காதடைப்பானை 1907-இல் உருவாக்கினார். முதல் உலகப் போரில் பீரங்கி ஓசைக்கு நடுவே நின்ற போர்வீரர்கள் அதைப் பயன்படுத்தினர். தொழிற்சாலைகளில் இன்று நாம் காணும் மென்மையான நுரை அடைப்பான், அதாவது நம்மவர் 'இயர் பிளக்' என்று சொல்வது, 1970-களில் பரவியது.

நுரை அடைப்பானில் இசைக் கலைஞருக்கு ஒரு குறை உண்டு. அது மேல்தாயி ஓசையைக் கூடுதலாக அடைத்துவிடும், நாதம் மங்கிவிடும். ஆகவே எல்லா ஓசையையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் 1988-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ராக் இசைக் குழுக்களின் பேரோசையால் காது கெட்டவர்கள் சேர்ந்து, பிறரை எச்சரிக்க ஓர் அமைப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

சட்டம் என்ன செய்தது? நம் நாட்டில் தொழிற்சாலை இரைச்சலுக்கான விதிமுறைகள் 1989-இல் வந்தன. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பது அன்றைய எல்லை. டெசிபெல் என்பது ஓசையை அளக்கும் அலகு. நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபெல். 2019 ஜூன் மாதத்தில் புதிய விதிமுறைகள் அமலுக்கு வந்து, அந்த எல்லை 85 ஆகக் குறைந்தது. 2024 ஜூன் முதல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நாட்டின் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. வேலையிட இரைச்சலால் செவி கெட்ட தொழிலாளி சொக்சோவிடம் இழப்பீடு கோரவும் வழியுண்டு. செம்பனை ஆலையிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் நேயர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இசைக் கலைஞருக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு லண்டனில் ஒரு வழக்கு பதில் தந்தது. 2012-இல் அங்குள்ள ராயல் ஓப்பரா ஹவுஸ் அரங்கில் ஒத்திகை நடந்தது. கிறிஸ் கோல்ட்ஷைடர் என்ற வயோலா கலைஞர், பித்தளை ஊதுகருவிகளுக்கு நேர் முன்னால் அமர்த்தப்பட்டார். ஓசை உச்சத்தில் 130 டெசிபெலைத் தாண்டியது. அவர் காது கெட்டது. வாசிப்புத் தொழிலே முடிந்துபோனது. இசை என்பது கழிவாக வரும் இரைச்சல் அன்று, நாங்கள் உண்டாக்கும் பொருளே அதுதான் என்று அரங்கத்தார் வாதாடினர். 2018-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காதைக் காப்பதில் தொழிற்சாலைக்கு ஒரு நியாயம், இசையரங்குக்கு ஒரு நியாயம் கிடையாது என்ற கருத்து அன்று உறுதியாயிற்று. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் கலைஞரே வென்றார்.

நேயர்களே, அந்தக் கலைஞருக்கு முதலாளி இருந்தார், சட்டம் இருந்தது. நம் கோயில் வாசலில் மேளம் கொட்டும் பையனுக்கு முதலாளி யார்? அவன் பக்திக்காகக் கொட்டுகிறான், நட்புக்காகக் கொட்டுகிறான். எந்த அதிகாரியும் அங்கே வந்து ஓசையை அளப்பதில்லை. அவன் காதுக்கு அவனும் பெற்றோரும்தான் காவல்.

நம் முன்னோர் மேளத்தைத் திறந்த வெளிக்காகப் படைத்தார்கள். கோயில் வீதியிலும் வயல்வெளியிலும் ஓசை பரந்து கரைந்துவிடும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஓசை ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். இன்று அதே மேளத்தைத் தகரக் கூரையின் கீழும், அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்திலும், ஒலிபெருக்கி வைத்த மண்டபத்திலும் கொட்டுகிறோம். ஓசை சுவரில் மோதித் திரும்பி வருகிறது. மேலும், ஒரே அளவு ஓசை தரும் மேளம் ஒன்றுக்குப் பதில் இரண்டானால் 3 டெசிபெல் கூடும். பத்தானால் 10 டெசிபெல் கூடும்.

ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் காது தாங்கும் நேரம் பாதியாகிறது. 85 டெசிபெலை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 88-ஐ நான்கு மணி நேரமே தாங்கும். 91 என்றால் இரண்டு மணி, 94 என்றால் ஒரு மணி. 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரமே. பல மேளங்கள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் 100-ஐத் தாண்டுவது அரிதன்று. நம் பிள்ளைகள் கால் மணி நேரமா கொட்டுகிறார்கள்? திருவிழாவுக்கு மறுநாள் வகுப்பில் சில மாணவர்கள், "சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கிறோம். காதுக்குள் 'ஙொய்' என்று கேட்பதாகவும் சொல்வார்கள். இரண்டொரு நாளில் அது சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறையும் சில அணுக்கள் மடிந்திருக்கலாம். கறையான் அரித்த கம்பம் விழும் நாள்வரை நேராகத்தான் நிற்கும்.

கறையான்போல் மெல்ல வருவது இது. திருடன்போல் ஒரே நாளில் வரும் செவிக்குறை வேறொன்று உண்டு. இந்தித் திரையுலகின் புகழ்பெற்ற பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், 2024 ஜூன் மாதத்தில் தம் நிலையை வெளிப்படையாக அறிவித்தார். சில வாரங்களுக்கு முன் விமானத்திலிருந்து இறங்கியபோது திடீரென எதுவும் கேட்கவில்லை என்றார். கிருமித் தாக்குதலால் செவி நரம்பு பாதிக்கப்பட்டதாக மருத்துவர்கள் கூறினர். அவருக்கு நேர்ந்ததற்குக் காரணம் பேரோசை என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. ஆனாலும் உரத்த இசையிலும் காதொலிக் கருவியிலும் எச்சரிக்கையாக இருங்கள் என்று அவர் இளையோரைக் கேட்டுக்கொண்டார். தம் குறையை மறைக்காமல் பேசிய அவருடைய துணிவு பாராட்டத்தக்கது.

திடீர்ச் செவிக்குறை பெரும்பாலும் ஒரு காதில் வரும். காலையில் எழுந்தால் ஒரு பக்கம் கேட்காது. இரைச்சலோ தலைசுற்றலோ கூட வரலாம். சளி என்றும் அழுக்கு என்றும் எண்ணிப் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் உண்டு. அது கூடவே கூடாது. கேட்காமற்போன அன்றோ மறுநாளோ மருத்துவமனைக்குப் போய், காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நாள் செல்லச் செல்ல அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

மேளக் குழுக்களுக்குச் சில யோசனைகள் கூறுவோம். ஒத்திகையை மூடிய அறையில் வைக்காமல் திறந்த வெளியில் வையுங்கள். இடையிடையே ஓசையற்ற இடத்தில் ஓய்வெடுங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்காதீர்கள். நுரைக் காதடைப்பான் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அதை விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். வெறும் பஞ்சு வைப்பதால் பெரும் பயன் இல்லை. குழந்தைகளைத் தோளில் வைத்து மேளத்தின் அருகே நிற்கும் பெற்றோர், சற்றுத் தள்ளி நின்றாலே போதும்.

தவில் வித்துவான் தம் வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொள்கிறார். அதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை. அது தொழில் முறை என்றே மதிக்கிறோம். விரலுக்கு உள்ள கவசம் காதுக்கும் இருந்தால் என்ன குறை? வள்ளுவர் கேள்விச் செல்வத்துக்கென்றே ஒரு தனி அதிகாரம் வகுத்தார். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பார்கள்; காது கெட்ட பின் கச்சேரியும் அப்படித்தான். வருகிற திருவிழாவில் மேளம் நன்றாக முழங்கட்டும். கொட்டுகிற பிள்ளைகள் தம் அறுபதாம் வயதிலும் அந்த மேளத்தைத் தம் காதாலேயே கேட்டு மகிழட்டும்.