கொல்லைப்புறம் மாடி ஏறின கதை

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். நாலாவது மாடி பாத்ரூமில், டைல்ஸுக்கு அடியில் ஒரு பைப் ஜாயின்ட் விட்டுப்போனால் முதல்ல யாருக்குத் தெரியும்? நாலாவது மாடிக்காரருக்குத் தெரியாது. அவர் வீட்டில் தண்ணி நல்லா வருது, நல்லா போகுது. மூணாவது மாடிக்காரர் கட்டிலில் மல்லாந்து படுத்தால்தான் கூரையில் மஞ்சளாக ஒரு கறை தெரியும். அவர் மேலே போய் கதவைத் தட்டுவார். "எங்க வீட்ல ஒரு லீக்கேஜும் இல்லையே சார்" என்று பதில் வரும். ரெண்டு பேருமே பொய் சொல்லல. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகின விஷயம்தான்: பக் ஒருத்தர் மெஷினில், எரர் இன்னொருத்தர் ஸ்க்ரீனில்.

இந்தச் சண்டைக்கு வயசு ரொம்பக் கம்மி. மூணு தலைமுறைக்கு முன்னாடி நம்ம ஊர்ப்பக்கம் இப்படி ஒரு சண்டை வர வழியே இல்லை. நான் இருக்கிற வேப்பம்பட்டு, திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோடுக்கும் நடுவில் இருக்கிற ஸ்டேஷன். எங்க தெருவில் இன்னும் தனி வீடுகள்தான். அங்கிருந்து ட்ரெயின் பிடிச்சு அம்பத்தூர் பக்கம் போகப் போக கட்டடங்களோட உயரம் கூடிட்டே வரும். உயரம் கூடும்போது தண்ணீருக்கும் வீட்டுக்கும் இருந்த உறவு எப்படி மாறியது என்பதுதான் இன்னைக்குக் கதை.

பழைய வீட்டை யோசிச்சுப் பாருங்க. கிணறு, துவைகல், குளிக்கிற இடம், கழிப்பறை எல்லாமே கொல்லைப்புறம். இதைத் தீட்டு, ஆசாரம் என்று மட்டும் விளக்கிட்டுப் போயிடுறோம். சாதியும் அதில் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் கட்டடக் கண்ணோட்டத்தில் பார்த்தால் வேறொன்றும் நடந்தது. செங்கல், சுண்ணாம்பு, மரம் மூணுக்குமே தண்ணி எதிரி. அதனால் நனைகிற வேலையை எல்லாம் மண் தரைக்கு அனுப்பிட்டாங்க. சிந்தின தண்ணி வாழை மரத்துக்குப் போச்சு. யார் தலையிலும் சொட்டல.

அந்த வீட்டுக்குள் தண்ணி வர ஒரே வழி கூரை. அதுக்கு நம்ம ஊர்க்காரங்க கண்டுபிடிச்ச பதிலுக்கு உலக அளவில் நம்ம ஊர் பெயரே இருக்கு: மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்தி வைத்து, சுண்ணாம்புக் கலவையில் சாய்வாக அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். வரிசையாக உட்கார்ந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேலே தட்டோடு. இது எல்லாத்தையும் விட முக்கியம், லேசான ஒரு சரிவு. மழை விழுந்ததும் தண்ணி தூம்பு வழியாக வெளியே ஓடிடணும். கூரை தண்ணியைத் தடுக்கிறதைவிட, அதை நிக்க விடாமல் அனுப்புறதுதான் பாதுகாப்பு. இந்தக் கருத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி ஃப்ளோரிடாவில் தேவைப்படும்.

அடுத்த கட்டம், குழாய். 1772-இல் ஜார்ஜ் டவுன் பக்கம் ஏழு கிணறு திட்டம் வந்தது. தண்ணீர் யாருக்கு? புனித ஜார்ஜ் கோட்டைக்கு. ஊருக்கான பெரிய திட்டம் நூறு வருஷம் கழித்துத்தான். எங்க ஊருக்கு வடக்கே இருக்கிற தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, தண்ணீரைச் சோழவரத்துக்கும் அங்கிருந்து செங்குன்றத்துக்கும் திருப்பினார்கள். 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது. மோட்டார் கிடையாது, வெறும் நிலச்சரிவு. வடிகட்டும் நிலையம் 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வந்தது.

சரிவை நம்பி வரும் தண்ணீர், தட்டையான ஊரில் மாடி ஏறாது. ஊர் வளர வளர அழுத்தம் இன்னும் குறைந்தது. அதுவும் நாள் முழுக்க வராது. அதுக்கு மெட்ராஸ் கண்டுபிடிச்ச தீர்வைத்தான் இன்னைக்கும் நாம பண்றோம்: தரைக்கு அடியில் ஒரு சம்ப், பக்கத்தில் மோட்டார், மொட்டை மாடியில் டேங்க். முன்னாடி அடிபம்பு, பின்னாடி போர்வெல், பத்தலைன்னா லாரி. யோசிச்சா விசித்திரமா இருக்கும். மாநகரம் செய்ய வேண்டிய வேலையை ஒவ்வொரு வீடும் தனித்தனியா செய்யுது. ஒவ்வொரு கட்டடமும் ஒரு குட்டி மெட்ரோ வாட்டர். ஆனால் அதுக்கு இன்ஜினியர் கிடையாது. வாட்ச்மேன் அண்ணாதான் மோட்டார் போடுவார், நிறுத்த மறந்தால் டேங்க் வழிஞ்சு சுவர் நனையும்.

இனி உயரத்துக்கு வருவோம். அண்ணா சாலை எல்ஐசி கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. சுமார் 54 மீட்டர். அப்போ இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். அந்த உயரத்தை வெச்சு ஒரு கணக்கு போடலாம். 10 மீட்டர் தண்ணீர் நின்றால் அடியில் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம். அப்படின்னா 54 மீட்டர் உயரத்து டேங்கிலிருந்து நேராக ஒரு பைப் இறக்கினால், தரைத்தளத்துக் குழாயில் 5 பாருக்கு மேல் நிற்கும். வீட்டுக் குழாய்க்கு 1 முதல் 3 பார் தாராளம். அதனால் உயரமான கட்டடங்களில் சில மாடிகளுக்கு ஒரு முறை அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு வைப்பார்கள். அது கெட்டுப்போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். "தண்ணி இப்ப சூப்பரா வருது"ன்னு சந்தோஷம்கூடப் படுவாங்க. கொஞ்ச நாளில் கீழ் மாடிகளில் ஒவ்வொரு வீடாக டாய்லெட் பக்கத்து ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் வெடிக்க ஆரம்பிக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தால் ஹாலில் தண்ணி நிற்கிற கதையெல்லாம் பெரும்பாலும் இந்த ஹோஸ் செய்யும் வேலை. ஊருக்குப் போகும்முன் பாத்ரூமுக்கு வரும் மெயின் வால்வை மூடுங்க. கேஸை மூடுறோம், இதை மூடுறதில்லை.

இப்ப மூணாவது மாடிக்காரரோட கறைக்கு வரலாம். கொல்லைப்புறத்தில் இருந்த கழிப்பறை வீட்டுக்குள் வந்ததே பெரிய மாற்றம். அதை அடுத்தவர் வீட்டுத் தலைக்கு மேல் வைத்தது அதைவிடப் பெரிசு. இந்தியன் டாய்லெட்டோட வளைவுக் குழாய் தரைக்கு அடியில்தான் இருந்தாகணும். தரைக்கு அடியில்னா கீழ் வீட்டுக்காரரோட கூரை. அடுத்தவர் வீட்டுக் கழிவுக் குழாய் தன் தலைக்கு மேல் தொங்க யார் சம்மதிப்பார்? அதனால் பாத்ரூம் தளத்தை மட்டும் ஒரு அடி, ஒன்றரை அடி பள்ளமாக இறக்கினார்கள். சங்கன் ஸ்லாப். பள்ளத்துக்குள் குழாயைப் போட்டு, உடைந்த செங்கல்லைக் கொட்டி மூடி, மேலே டைல்ஸ். அழகா முடிஞ்சுது. குழாய் ஒழுகினால் அந்தப் பள்ளமே கண்ணுக்குத் தெரியாத தொட்டி ஆகிடும். மாசக்கணக்கில் நிறையும், நிறைந்த பிறகுதான் கீழே கசியும். கறை தெரியும்போது பிரச்சினை ஏற்கனவே பழசு. இதை எந்த முட்டாளும் வடிவமைக்கலை. கூச்சத்துக்கும் பழக்கத்துக்கும் கொடுத்த விலை இது. இப்போ சுவரில் மாட்டுகிற வெஸ்டர்ன் டாய்லெட் வந்த பிறகு பள்ளமே தேவையில்லை. ஆனாலும் பல இடத்தில் பழக்கத்தில் போட்டுட்டே இருக்காங்க.

வீடு வாங்கப் போறவங்க, கட்டிட்டு இருக்கும்போதே ஒன்று கேளுங்க: டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணி கட்டிப் பார்த்தீங்களா? பாத்ரூம் தளத்தில் ரெண்டு மூணு நாள் தண்ணீரைத் தேக்கி, கீழ் வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். நல்ல மேஸ்திரிக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

சரி, ஒரு கறைக்கு ஏன் இவ்வளவு பேச்சு? கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிக்காகத்தான். துருப்பிடித்த இரும்பு, பழைய அளவைவிட ரெண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளேயிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். தண்ணீரோடு உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகம். 2022 பிப்ரவரி 10, குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ என்கிற குடியிருப்பில், டி டவரின் ஆறாவது மாடியில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாகத் தளங்கள் சரிந்தன. ரெண்டு பெண்கள் இறந்தாங்க. கட்டி ரொம்ப வருஷம் ஆகாத கட்டடம். ஆராய்ந்த ஐஐடி டெல்லி, கான்கிரீட்டில் குளோரைடு இருந்ததையும் கம்பி துருப்பிடித்ததையும் சொன்னது. டவரைச் சரிசெய்ய முடியாது, இடிக்கணும் என்கிற முடிவுக்கு வந்தது.

அதற்கு முந்தைய வருஷம், 2021 ஜூன் 24, ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். 12 மாடி, 1981-இல் கட்டியது. நடுராத்திரியில் பாதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். வடிவமைப்பிலேயே பலக்குறைவு இருந்ததாக விசாரணை சொல்கிறது, எல்லாப் பழியையும் தண்ணி மேல போட முடியாது. ஆனால் 2018-லேயே ஒரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருந்தார்: நீச்சல்குளத் தளத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு பழுதாகிவிட்டது, அந்தத் தளம் சரிவில்லாமல் தட்டையாகப் போடப்பட்டிருக்கிறது, தண்ணீர் ஓடாமல் அங்கேயே நிற்கிறது. மெட்ராஸ் டெரஸ் போட்ட கொத்தனாருக்குத் தெரிஞ்ச அதே சரிவு! அறிக்கை வந்த பிறகு நடந்தது நம்ம அசோசியேஷன் மீட்டிங் மாதிரியே இருக்கும். செலவு 1.5 கோடி டாலர். யார் எவ்வளவு கொடுப்பது என்று வாக்குவாதம். நிர்வாகக் குழுவில் பல பேர் ராஜினாமா. வேலைக்கான பணம் வசூலிக்க முடிவானபோது கிட்டத்தட்ட ரெண்டரை வருஷம் ஓடிப்போச்சு.

எனக்கு என்ன தோணுதுன்னா, தொழில்நுட்பம் இங்க பாதிதான். பொதுவான தண்ணீரை யார் பார்த்துக்கிறது என்பதுதான் மீதி. இதில் நமக்கு ஆயிரம் வருஷ அனுபவம் இருக்கு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலம், 10-ஆம் நூற்றாண்டு. குடவோலையில் சீட்டு எடுத்துத் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், ஒரு வருஷப் பதவி. நிற்பவருக்குச் சொந்த மனையில் வீடு இருக்கணும், வயசு 35-க்கு மேல், 70-க்குக் கீழ். (வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு அப்பவும் ஓட்டு இல்ல போல.) அது பிராமணர்களின் ஊர்ச்சபை, எல்லாருக்குமான ஜனநாயகம்னு தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆனால் ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவரோட நெருங்கின உறவினர்களும் முடியாது.

ஊர்களில் குடிமராமத்து இருந்தது. மழைக்கு முன் ஊரே சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாரி, கரையைச் சரிசெய்வது. அது தேய ஆரம்பித்ததும் 1858-இல் ஆங்கிலேய அரசு சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப் பார்த்தது. நமக்கும் சட்டங்கள் இருக்கு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1994-இல் வந்தது, 2022-இல் புதுசு. ரெரா சட்டப்படி, சாவி வாங்கின 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து எழுத்தில் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் கோபமா போட்ட மெசேஜை நம்பி இருக்காதீங்க. கறையைத் தேதியோட போட்டோ எடுத்து, கடிதமா அனுப்புங்க. ஐந்தாவது வருஷம் முடியும்முன் டெரஸ், டக்ட், பேஸ்மென்ட் எல்லாத்தையும் ஒரு இன்ஜினியரை வெச்சுப் பார்த்துடணும்.

மழைக்கு முந்தைய குடிமராமத்து மாடியிலும் நடக்கணும். 2015 டிசம்பர் மழையில் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் சுமார் 47 செ.மீ. கொட்டியது. 500 சதுர மீட்டர் மொட்டை மாடியில் அந்த மழை விழுந்தால் 2,35,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட இருபது. 235 டன். அது முழுக்க இறங்கிப் போக வேண்டியது நாலைந்து வடிகுழாய் வழியாக. அதில் ஒன்றில் பாலித்தீன் கவர், இன்னொன்றில் புறாக்கூடு. புரட்டாசியிலேயே ஆள் ஏறிப் பார்க்கணும்.

இன்னொன்று, காசே இல்லாத டெஸ்ட். ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டாரை நிறுத்தி வைத்து டேங்கின் அளவைக் குறிங்க. நாலு மணிக்கு மறுபடி பாருங்க. ஊரே தூங்கும்போது மட்டம் இறங்கினால் எங்கேயோ போகுது. குடிநீர் வாரியங்கள் பெரிய ஊர்களில் கசிவு தேட இதே முறையைத்தான் பயன்படுத்துது. தினம் வேண்டாம், மாசம் ஒரு தடவை போதும். எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்க, எல்லாருக்கும் தெரியட்டும்.

இந்த வாரம் உங்க கட்டடத்தில் ஒரு விஷயம் விசாரிச்சு எழுதி அனுப்புங்க: மொட்டை மாடி சாவி யார்கிட்ட இருக்கு, கடைசியா எப்போ அதைத் திறந்தாங்க? பதில்களை அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.