வலப்பனையில் ஏலம்போன வயல்கள்

ஒரு குடும்பம் வறிய குடும்பமா அன்றா என்பதை நாம் பெரும்பாலும் அதன் அன்றைய வருவாயைக் கொண்டே முடிவு செய்கின்றோம். நேற்றுவரை நன்றாக வாழ்ந்தோர் இன்று வறியோராவது எவ்வாறு என்னும் வினாவுக்கு அம்முறை விடை கூறுவதில்லை. அவ்விடையை நம் நாட்டு வரலாற்றிலே, நுவரெலியாவை அடுத்த வலப்பனைப் பகுதியிலே காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டிற் கோப்பி செழித்தது. துரைமாரின் பெருந்தோட்டங்களில் மட்டுமன்றி, சிங்களக் குடியானவரின் வீட்டுத் தோட்டங்களிலும் அது காய்த்தது. வயலில் விளைந்த நெல் சோறாயிற்று. தோட்டத்துக் கோப்பி காசாயிற்று. அக்காசைக் கொண்டே உப்பும் துணியும் வாங்கினர். சொந்த நிலமும் உண்ண உணவும் உடைய அவர்களை எவரும் ஏழைகள் எனக் கூறியிரார்.

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. அது மலைநாடெங்கும் பரவி, 1880களில் கோப்பிச் செய்கையையே வீழ்த்தியது. துரைமாரிற் பலர் முறிந்தனர். முதலுடையோர் சிங்கோனாவுக்கும் பின்னர் தேயிலைக்கும் மாறினர். குடியானவருக்கோ மாறுதற்கு முதல் இல்லை.

இதே காலத்திலே, 1878 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின்படி தானிய வரி காசாக அறவிடப்பட்டது. வரியை நெல்லாகக் கொடுப்பதற்கு வயல் போதும். காசாகக் கொடுப்பதற்குச் சந்தையும் வேண்டும். காசு வரும் வழி அடைபட்டது. காசு கேட்கும் வரி மட்டும் நிலைத்தது. செலுத்தத் தவறியோரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் ஊர்விட்டுப் பெயர்ந்ததையும், பலர் பட்டினியால் மாண்டதையும் உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியர் அறிக்கையிட்டார். நெடிய வாதத்தின் பின் 1892 இல் அவ்வரி நீக்கப்பட்டது. ஆயினும் ஏலம்போன வயல்களெல்லாம் உடையவரிடம் மீண்டுவிடவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அக்குடும்பங்களை வீழ்த்தியது வருவாயின் சிறுமை அன்று. காசு வர ஒரே வழி. வருவாய் குறைந்தாலும் குறையாத கடப்பாடு. இடரைத் தாங்கச் சேமிப்பின்மை. இம்மூன்றும் ஒன்றுகூடின. வருவாய் குறைந்தவன் மறு போகத்தில் எழலாம். வயலை விற்றவன் எதைக்கொண்டு எழுவான்?

இது பழங்கதை அன்று. 2016 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பு, நம் நாட்டு மக்களில் 4.1 சதவீதத்தினரே வறுமைக்கோட்டின் கீழ் உள்ளனர் எனக் கூறியது. 2022 செத்தெம்பரிலே கொழும்பின் விலைவாசி ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்தது. அவ்வாண்டில் மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வறுமையுற்றனர் என உலக வங்கி தன் அளவுகோலின்படி கணித்தது. அளவுகோல்கள் வெவ்வேறாயினும், கோட்டுக்குச் சற்று மேலே நின்றோர் எத்துணைப் பேர் என்பது அன்று புலனாயிற்று. விலையோடு உயராத சம்பளம் அவர்களுக்கு நோயுற்ற கோப்பியாயிற்று. அடகு வைத்த நகையும், விற்ற தையல் இயந்திரமும், பாதியில் நின்ற பிள்ளையின் படிப்புமே அவர்களின் ஏலம்போன வயல்கள்.

விழுந்தபின் தூக்குவது அறமே. ஆயினும் வயல் விலைபோகுமுன் வந்தடையும் உதவியே பயனுள்ள உதவி. வலப்பனைக்கு அது காலந்தாழ்த்தே வந்தது.