ஒரு வெள்ளி நிதியிலிருந்து திறந்த களஞ்சியம் வரை: நம் ஆய்வுகள் எங்கே போகின்றன?



முதலில் ஒரு கேள்வி. பட்டப்படிப்புக்காக நீங்கள் எழுதிக் கொடுத்த ஆய்வேடு இப்போ எங்கே இருக்கு? ஒரு படி பல்கலைக்கழக நூலகத்தில். இன்னொன்று மேற்பார்வையாளர் அறையில். மூன்றாவது, வீட்டு அலமாரியில் பிள்ளைகளின் பழைய பாடநூல்களுக்கு அடியில். பெரும்பாலோர் பதில் இதுவாகத்தான் இருக்கும். அதற்காக எத்தனை பள்ளி விடுமுறைகள் போயின, எத்தனை தமிழ்ப்பள்ளிகளுக்கு அலைந்தோம் என்பது நமக்குத்தான் தெரியும். அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

"அதனாலென்ன, பட்டம் கிடைச்சிடுச்சே" என்று விட்டுவிட முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்ல எழுபது ஆண்டுகள் பின்னோக்கிப் போகணும்.

ஆளுக்கு ஒரு வெள்ளி

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. சில ஆண்டுகளில் அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. அவருடைய பரிந்துரை சமஸ்கிருதத்தின் பக்கம் சாய்ந்தது. இங்குள்ள இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள், ஆகவே தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் நாளிதழில் விடாமல் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி, அவ்வளவுதான். அந்தப் பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது.

1956-இல் துறை பிறந்தது, தமிழும் இடம்பெற்றது. பிறகு துறை கோலாலம்பூருக்கு மாறி வந்தது.

ஒரு வெள்ளி கொடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த நூலகத்துக்குள் காலடி வைத்திருப்பார்கள், நினைச்சுப் பாருங்க. தாங்கள் படிக்கப்போகாத நூல்களுக்காகத்தான் அவர்கள் கொடுத்தார்கள். நம் நாட்டுத் தமிழாய்வு அப்படிப்பட்ட பொதுமக்கள் பணத்தில் தொடங்கியது. அதன் விளைச்சல் பொதுமக்கள் கண்ணில் படாமலே இருந்தால் கணக்கு நேராகுமா?

வத்திக்கானில் கிடந்த அகராதி

1961-இல் இத்துறைக்குத் தலைமையேற்று வந்தவர் தனிநாயகம் அடிகள். 1952 முதல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழை நடத்தியவர். தமிழில் என்ன இருக்கிறது என்பதை உலகம் படிக்கும் மொழியில் சொன்னால்தான் உலகம் மதிக்கும் என்பது அவர் எண்ணம்.

அவர் செய்த ஒரு வேலையை இங்கே குறிப்பாகச் சொல்லணும். அந்தாவோ தெ புரோயன்சா என்ற போர்த்துகீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி 1679-இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. காலப்போக்கில் அது கண்ணில் படாமலே போயிற்று. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியை அடிகளார் தேடிக் கண்டார். 1966-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை அதை அப்படியே மறுபதிப்பாக வெளியிட்டது. ஏறக்குறைய 290 ஆண்டுகள் அடைந்து கிடந்த நூலை, கோலாலம்பூரிலிருந்து யாரும் வாங்கிப் படிக்கும் நிலை வந்தது. இன்று 'திறந்த அணுக்கம்' என்று சொல்கிறோமே, அதன் உணர்வு இதுதான். கருவி மட்டும்தான் வேறு.

அதே 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அங்கே படிக்கப்பட்ட கட்டுரைகள் பின்னர் இரு தொகுதிகளாக அச்சேறின. தமிழாய்வு நூல்களுக்கு அடிகளார் தொகுத்த வழிகாட்டிப் பட்டியலையும் அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. 1969-இல் இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது. பட்டியல்தானே என்று சாதாரணமா நினைச்சிடாதீங்க. என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் தேடிப் போவார். இன்றைய களஞ்சியத்தில் ஒவ்வோர் ஆய்வுக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, சுருக்கம், குறிச்சொற்கள் என்று நிரப்புகிறோம் அல்லவா? அந்தப் பதிவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அலமாரியிலிருந்து வலைக்கு

ஆனாலும் தாள் தாள்தான். ஆய்வேட்டைப் பார்க்க ஆள் நேரில் போகணும். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குக் கவலையில்லை, கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிலையம் யுனிவர்சிட்டி. கிள்ளானில் இருப்பவர் பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் வரணும். சிகாமட்டிலோ சுங்கை சிப்புட்டிலோ பணியாற்றும் ஆசிரியர் என்ன செய்வார்?

இதே கேள்வி உலகெங்கும் எழுந்தது. 1991-இல் அமெரிக்காவில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் பகிர 'ஆர்க்கைவ்' களஞ்சியத்தைத் தொடங்கினார். 2000-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகம் 'ஈபிரிண்ட்ஸ்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. 2002-இல் புடாபெஸ்ட் அறிவிப்பு, ஆய்வுகள் எல்லாருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கணும் என்று முழங்கியது. அதே ஆண்டில் எம்.ஐ.டி. நூலகமும் எச்.பி. நிறுவனமும் சேர்ந்து 'டிஸ்பேஸ்' மென்பொருளைத் தந்தன.

தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும், அதையொட்டித் தமிழ் மரபு அறக்கட்டளை உருவானதும் நம் கோலாலம்பூரில்தான். ஈழத்து நூல்களுக்கான நூலகம் திட்டம் 2005-இல் வந்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படி என்றால் என்ன ஆகும் என்பதை அதைவிடக் கொடுமையாக யாரும் நமக்குக் கற்பிக்க முடியாது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறையை ஒட்டி முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் சேர்கின்றன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம்.

நம் பக்கமும் கதவு திறந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஒன்று, மாணவர் ஆய்வேடுகளுக்கு ஒன்று என்று களஞ்சியங்கள் வைத்திருக்கிறது. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்துக்கும், ஆசிரியர் பலர் படித்து வந்த தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்துக்கும் களஞ்சியங்கள் உண்டு.

கதவு திறந்தும் காணாமல் போவது ஏன்?

இங்கேதான் நம் பாடு தொடங்குகிறது. களஞ்சியத்தில் இருந்தும் கண்ணில் படாத தமிழ் ஆய்வுகள் உண்டு. மூன்று காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் பலவகைக் குறியீடுகளில் தட்டெழுதினோம். அந்தக் கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரியும். ஆனால் உள்ளே கணினி வைத்திருப்பது ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை. 'வாசிப்புத் திறன்' என்று தேடினால் கிடைக்கவே கிடைக்காது. தாளைப் படமாக வருடி ஏற்றியவற்றுக்கும் இதே கதிதான்.

இரண்டாவது தலைப்பு. ஆய்வு தமிழில் இருக்கும், பதிவில் தலைப்பு மலாயிலோ ரோமன் எழுத்திலோ மட்டும் இருக்கும். தமிழில் தேடுகிறவருக்கு அது அகப்படாது.

மூன்றாவது நம் பெயர். ஆய்வை அங்கீகரிப்பதில் மேற்கோள் எண்ணிக்கைக்கு முக்கிய இடமுண்டு. மேற்கோளை எண்ணும் கணினிகளோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கின்றன. நமக்குக் கடைசியில் வருவது தந்தை பெயர். ஆய்வு செய்தது மகள், மேற்கோளில் நிற்பது அப்பா! 'ஏ/எல்', 'ஏ/பி' வேறு நடுவில் நின்று குழப்பும். சுப்பிரமணியத்தை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதினால் கணினிக்கு அவர் நாலு ஆள். இதற்குத்தான் 2012-இல் 'ஆர்க்கிட்' எண் வந்தது. 16 இலக்கங்கள். ஆய்வாளருக்கு அடையாள அட்டை மாதிரி. இலவசமாகவே பதிந்துகொள்ளலாம்.

"போட்டா எவனாவது திருடிக்குவான்" என்று அஞ்சுகிற நண்பர்களும் உண்டு. அந்த அச்சம் புரிகிறது. ஆனால் களஞ்சியப் பதிவில் நாள் இருக்கிறது, நிலையான முகவரி இருக்கிறது. யார் முதலில் சொன்னார் என்பதற்கு அது சான்று. அலமாரியில் கிடப்பதைப் பார்த்து எழுதினால்தான் கண்டுபிடிப்பது கடினம்.

நாம் என்ன செய்யலாம்?

இந்த மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். ஆய்வேடு இல்லையென்றால் நூலகத்தாரிடம் கேளுங்கள். தலைப்பும் சுருக்கமும் தமிழில் இல்லையென்றால் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பழைய எழுத்துருக் கோப்பு கையில் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். பதிப்புரிமை பற்றிய பல்கலைக்கழக விதியையும் பார்த்துவிடுங்கள். செயலாய்வாக இருந்தால், பகிரும் முன் மாணவர் பெயர், படம், மதிப்பெண் பட்டியலில் உள்ள அடையாளங்களை நீக்கிவிடணும். பிள்ளைகள் நம்மை நம்பித்தான் வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

இன்னொன்று. பிறர் ஆய்விலிருந்து ஒரு பயிற்சியையோ கருத்தையோ எடுத்துப் புலனக் குழுவில் பகிரும்போது அவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். பெயர் வெட்டப்பட்ட கோப்புகள் நம் குழுக்களில் எத்தனை சுற்றுகின்றன என்று உங்களுக்கே தெரியும். அங்கீகாரம் பல்கலைக்கழகம் மட்டும் தருவதல்ல, சக ஆசிரியர்களாகிய நாமும் தரவேண்டியது.

முதலாம் ஆண்டில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்று இன்று ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியர் தேடிக்கொண்டிருப்பார். அதற்கான விடை, ஒருவேளை, உங்கள் ஆய்வேட்டின் நான்காம் இயலில் இருக்கலாம். அவர் கைக்கு அது போய்ச் சேரட்டும். ஒரு வெள்ளி கொடுத்தவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுக்கக்கூடியது அதுதானே?